கணுக்காலும் ஊழும்

1962 விம்பிள்டன் டென்னிஸ் போட்டியில் இந்தியாவின் ராமநாதன் கிருஷ்ணனுக்கு நான்காம் தரவரிசை. அந்தப் புல்தரையில் அவருக்குக் கிடைத்த மிக உயர்ந்த இடம் அது. முந்தைய இரண்டு வருடமும் அரையிறுதி வரை போய்த் திரும்பியவர். 1960 அரையிறுதியில் அவரை வென்ற நீல் ஃப்ரேசர்தான் அவ்வருடம் பட்டத்தையும் வாங்கினார். 1961இல் வென்ற ராட் லேவரும் அப்படியே. இந்த முறை வயது 25, கை பழுத்த பருவம். போட்டி பாதியில் இருக்கும்போது கணுக்காலில் அடி. விலகிக்கொண்டார். அதன்பின் விம்பிள்டன் அரையிறுதி அவருக்கு வாய்க்கவே இல்லை.

ராசிபுரம் பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் சாயங்காலம் கூடுகிற எங்கள் சபையில் இந்தக் கணுக்கால் பேச்சு வந்தது. என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தமிழய்யா ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “ஊழ்.” பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பி இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் ஒன்றில் இயற்பியல் எடுப்பவர். விடியற்காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளை எழுப்பிப் படிக்க உட்காரவைக்கும் பள்ளி. அவர் விடவில்லை. “ஊழாவது ஒண்ணாவதுங்க ஐயா. ஃபிட்னஸ் பத்தலை. கால்ல இன்னும் உழைச்சிருக்கணும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பி.டி. வாத்தியார். என் விளையாட்டு பூப்பந்து. டென்னிஸ் மட்டையைத் தொட்டது சேலத்தில் அதிகாரிகள் ஆடும் கிளப்பில், அதுவும் எடுத்து வைக்கச் சொன்னதால். ஆனால் கிருஷ்ணனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். பார்த்ததில்லை, படித்ததுதான். அவருடைய சர்வீஸில் வேகம் கிடையாது என்று அப்போதே எழுதுவார்கள். பந்தை ஓங்கி அறைய மாட்டார், எதிராளி இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பார். எங்கள் ஊரில் நெய் காய்ச்சுகிறவர்கள் பதம் வருகிற வரைக்கும் தீயைக் கூட்டமாட்டார்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அவர் பந்துக்கு நின்றதும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். பிற்காலத்தில் அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணனைத் தூர்தர்ஷனில் பார்த்தபோது, தகப்பனார் ஆட்டமும் இதுதான் என்று சொன்னார்கள். அசட்டையாகக் கை வீசுவதுபோல இருக்கும், பந்து கோட்டில் விழும்.

அவர் வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் ‘ஏன் பட்டம் வாங்கவில்லை’ என்ற கேள்வி இன்னும் உறுத்தும். 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் அவர். இறுதி ஆட்டத்தில் தோற்ற ஆஷ்லி கூப்பர் நான்கு வருடம் கழித்து அதே ஊரில் பெரியவர்களுக்கான சாம்பியன். 1959 டேவிஸ் கோப்பையில் லேவரை வீழ்த்தினார். 1961 காலிறுதியில் நேர் செட்களில் வீழ்த்திய ராய் எமர்சன் மொத்தம் 12 கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வாங்கியவர். அவரிடம் தோற்றவர்கள் ஏறிய படியில் அவர் ஏறவில்லை.

சரி, இதற்கு நேர் எதிரான இன்னொரு நாள். 1966, கல்கத்தா சவுத் கிளப். டேவிஸ் கோப்பையில் பிரேசிலை வென்றால் இறுதிப் போட்டி. இரண்டுக்கு இரண்டு என்று சமமாகி, கடைசி ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே தாமஸ் காக், வயதில் இளையவர். காக் 6-3, 4-6, 12-10 என்று முன்னே போய்விட்டார். நான்காவது செட்டில் 5-2. இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் கதை முடிந்தது. அங்கிருந்து கிருஷ்ணன் அந்த செட்டை 7-5 என்று எடுத்தார், ஐந்தாவதை 6-2 என்று முடித்தார். இந்தியா முதல்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 4-1 என்று தோற்றது. அந்த ஒன்றும் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் சேர்ந்து நியூகோம்ப், ரோச் ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டம்.

இதைச் சொன்னதும் இயற்பியல் தம்பிக்குச் சந்தோஷம். “பாத்தீங்களா ஐயா, முயற்சி!” 1962இல் முயற்சி பற்றாத மனிதருக்கு 1966இல், 29 வயதில், அது எங்கிருந்து வந்ததாம்? தமிழய்யாவையும் நான் விடவில்லை. 1962இல் குறுக்கே வந்த ஊழ் 1966இல் 5-2 என்ற நிலையில் லீவு போட்டுவிட்டதா? ஒரே மனிதர், ஒரே கை, அதே கால். ஒரு நாளைக்கு ஒரு விளக்கம், மறுநாளைக்கு மற்ற விளக்கம் என்றால், எதையுமே நாம் விளக்கவில்லை. முடிவைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருத்தமான சட்டையை மாட்டிவிடுகிறோம்.

தமிழய்யா இதற்குச் சளைக்கிற ஆளா? வள்ளுவரே இரண்டையும் சொல்லியிருக்கிறாரே என்றார். உண்மைதான். 38வது அதிகாரம் ஊழ். அதன் கடைசிக் குறள், ஊழைவிட வலியது எதுவும் இல்லை என்கிற பொருளில் முடியும். 62வது அதிகாரம் ஆள்வினையுடைமை. அதன் கடைசிக் குறள், சோர்ந்துபோகாமல் முயல்கிறவன் அந்த ஊழையே புறமுதுகு காட்டவைப்பான் என்கிற பொருளில் முடியும். இந்த இரண்டும் முட்டிக்கொள்வதைப் பட்டிமன்றத்தில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஆண்டகளூர்கேட்டில் அரசுக் கல்லூரிக்கே திருவள்ளுவர் பெயர் வைத்த ஊர் எங்களது; பட்டிமன்றத்துக்குக் குறைவில்லை. நடுவர் கடைசியில் ‘இரண்டும் வேண்டும்’ என்று சொல்லிப் பொன்னாடை வாங்கிக்கொண்டு போவார்.

மைதானத்தில் நின்ற எனக்குப் படுவது வேறு. ஊழ், முயற்சி இரண்டில் எது உண்மை என்று கேட்பதற்கு முன்னால், யார் யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்கவேண்டும். நம் வழக்கம் எப்படி இருக்கிறது? நான் ஜெயித்தால் என் உழைப்பு. நான் தோற்றால் நேரம் சரியில்லை. அவன் ஜெயித்தால் அவனுக்கு அடித்தது யோகம். அவன் தோற்றால் சோம்பேறி. பரிசளிப்பு விழாக்களிலும் கல்யாண வீடுகளிலும் இதைத்தான் கேட்கிறேன். இதை அப்படியே புரட்டிப்போட்டால் சரியாக இருக்கும் என்பது என் கட்சி. என் வெற்றியைப் பேசும்போது ஊழ். என் தோல்வியைப் பேசும்போது முயற்சி. அடுத்தவன் வெற்றிக்கு அவன் முயற்சி, அடுத்தவன் தோல்விக்கு ஊழ். கிருஷ்ணன் தன் கணுக்காலைப் பற்றி ‘நான் இன்னும் கவனமாக இருந்திருக்கலாம்’ என்று சொன்னால் அது அவருக்கு அழகு. அதையே டீக்கடையில் உட்கார்ந்து நாம் சொன்னால் அது வாய்க்கொழுப்பு.

தமிழய்யா டம்ளரைக் கீழே வைத்தார். “நான் உண்மை எதுன்னு கேக்கறேன். நீங்க மரியாதை எதுன்னு சொல்றீங்க. ஆளுக்கு ஆள் மாறினா அது எப்படிங்க உண்மை?”

நல்ல கேள்வி. இதற்கு நான் பல நாள் பதில் தேடினேன். என் பதில் இது. முயற்சி என்பது உள்ளே இருந்து மட்டும் தெரிகிற பொருள். ஒரு பையன் பந்தைத் துரத்தி ஓடி எட்டாமல் நின்றான் என்றால், இன்னும் ஓர் அடி அவனால் எடுத்திருக்க முடியுமா என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். கோட்டுக்கு வெளியே விசிலோடு நிற்கிற எனக்குத் தெரிவது பந்து விழுந்த இடம் மட்டுமே. பூப்பந்தில் இது இன்னும் வெளிச்சம். மஞ்சள் கம்பளிப் பந்து, எடை ஒன்றுமில்லை. ஆடி மாதத்து மேல்காற்றில் அது எங்கே போகும் என்று அடிக்கிறவனுக்கே தெரியாது. காற்றைக் கணித்துத்தான் அடித்தானா, குருட்டாம்போக்கில் விழுந்ததா? அவன் மனசுக்குத் தெரியும். வெளியாள் ‘நீ முயலவில்லை’ என்று சொல்லும்போது தெரியாத ஒன்றைத் தெரிந்ததாகச் சொல்கிறான். அது மரியாதைக் குறைவு என்பதைவிட, பொய். அதனால்தான் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

தமிழய்யா முழுக்க ஒத்துக்கொள்ளவில்லை. தன் மனசுக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று யார் சொன்னது, தன்னையே ஏமாற்றிக்கொள்கிறவர்கள் இல்லையா என்றார். இருக்கிறார்கள். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஊழ் என்று சொல்லும்போது நாம் அடிபட்ட கணுக்காலை மட்டும் பார்க்கிறோம், அதுவும் ஒரு குறை. கிருஷ்ணனின் தகப்பனார் டி.கே. ராமநாதனும் டென்னிஸ் ஆட்டக்காரர், மகனுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர். மூன்றாம் தலைமுறை ரமேஷ். 1979இல் அவரும் விம்பிள்டன் சிறுவர் பட்டம் வாங்கினார், தகப்பனுக்குச் சரியாக 25 வருடம் கழித்து. விம்பிள்டன் காலிறுதி ஒரு தரம், அமெரிக்க ஓபன் காலிறுதி இரண்டு தரம். 1987இல் சிட்னியில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கடைசி ஆட்டத்தை வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். இறுதியில் ஸ்வீடனிடம் தோல்வி. 1989 ஆஸ்திரேலிய ஓபனில், அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை வீழ்த்தினார். இந்த வீட்டில் பிறந்தது ஊழ் இல்லையா? மட்டையும் வலையும் சொல்லிக்கொடுக்கிற அப்பாவும் தொட்டிலிலேயே கிடைப்பதைவிடப் பெரிய ஆகூழ் ஏது? அதற்குப் பிறகுதான் முயற்சி.

எங்கள் பக்கம் பட்டுத்தறி வீட்டில் பிறந்த ஒரு பையன் என்னிடம் பூப்பந்து ஆடினான். பெயர் வேண்டாம். மணிக்கட்டு அவ்வளவு இளக்கம், பின்வரிசையில் நின்று பந்தைத் தூக்கிக் கொடுத்தால் எதிரணி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கும். மாநில அளவு வரைக்கும் போனான். முழங்கால் போனது. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் போனது. இப்போது ரிக் வண்டியில் ஆழ்துளைக் கிணறு போட ஊர் ஊராகப் போகிறான். ‘ஒழுங்கா பிராக்டீஸ் பண்ணியிருந்தா எங்கியோ போயிருப்பான்’ என்று ஊரில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவன் எத்தனை மணிக்கு எழுந்தான், தறிக்குழியில் எத்தனை நேரம் உட்கார்ந்துவிட்டு மைதானத்துக்கு வந்தான் என்று சொன்னவர்களுக்குத் தெரியாது.

இதே பையனும் அவன் அணியும் மாவட்டப் போட்டிக்கு முந்தின நாள் நித்ய சுமங்கலி மாரியம்மன் கோயிலுக்குப் போவார்கள். மற்ற மாரியம்மன் கோயில்களில் திருவிழாவுக்கு மட்டும் கம்பம் நடுவார்கள். எங்கள் அம்மனுக்கு முன்னால் வருடம் முழுக்கக் கம்பம் நிற்கும்; கம்பம் அம்மனுக்குக் கணவன் மாதிரி, அதனால்தான் அந்தப் பெயர். இதே ஊரின் இன்னொரு பள்ளி அணியும் அதே சாயங்காலம் அங்கேதான் நிற்கும். இரண்டு அணியும் ஒரே சூடத்தட்டில் கையை ஒற்றிக்கொள்ளும். அம்மன் யாரைக் கேட்பாள்? நாத்திகம் பேசுகிற நண்பர் ஒருவர் இதை வைத்தே என்னைக் கிண்டல் செய்வார். எனக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. பிள்ளைகள் வேண்டிக்கொள்வதைக் காதுகொடுத்துக் கேட்டால் தெரியும்: ‘ஜெயிக்கணும்’ என்று ஒருவன் சொல்வான், நாலு பேர் ‘காலு பிசகாம இருக்கணும்’, ‘காத்து அடிக்காம இருக்கணும்’ என்பார்கள். தங்கள் கையில் இல்லாததை மட்டும் அம்மனிடம் விட்டுவிட்டு, மீதியைத் தாங்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வேதாந்தம் படித்தவர்கள் இவ்வளவு சுத்தமாகக் கணக்குப் பிரிப்பதை நான் பார்த்ததில்லை.

பலனை விட்டுவிட்டுக் காரியம் செய் என்கிற கீதையின் பாடத்தையும் இங்கே இழுப்பார்கள். எனக்கு அதில் ஒரு சந்தேகம் உண்டு: விடுவதற்கு முதலில் அது கையில் இருக்கவேண்டும். ஜாக் கிரேமர் தன் தொழில்முறைக் குழுவுக்குக் கிருஷ்ணனைப் பெரும் தொகை கொடுத்துக் கூப்பிட்டார். அந்தக் காலத்தில் பணம் வாங்கி ஆடினால் விம்பிள்டனும் இல்லை, டேவிஸ் கோப்பையும் இல்லை. விம்பிள்டனில் 1968இல்தான் அந்தச் சுவர் இடிந்தது. கிருஷ்ணன் மறுத்தார். கைக்கு எட்டியதை அவரே விட்டார், அதைத் துறவு என்று சொன்னால் ஏற்கலாம். 1974 வேறு மாதிரி. விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் ஆடிய இந்திய அணி டேவிஸ் கோப்பை இறுதிக்கு வந்தது. எதிரே தென்னாப்பிரிக்கா. நிறவெறி அரசின் அணியோடு ஆடுவதில்லை என்று இந்தியா முடிவெடுத்தது. ஒரு பந்துகூட அடிக்காமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. முடிவு சரி என்பதில் எனக்கு இம்மியும் ஐயம் இல்லை. ஆனால் அங்கே துறந்தது யார்? தேசம் துறந்தது, விலை கொடுத்தது ஆடுகிற வயதில் இருந்த சில இளைஞர்கள். அவர்களுடைய பலனை எடுத்து நாம் தானம் செய்துவிட்டு, புண்ணியக் கணக்கில் நம் பெயரை எழுதிக்கொண்டோம். அறம் பல நேரம் இப்படித்தான் நடக்கிறது, வேறு வழியும் இல்லை. அப்படி நடந்தது என்ற நினைப்பாவது வேண்டும்.

பலனே வேண்டாம் என்று வாழ்ந்து காட்டிய ஆட்டக்காரரும் உண்டு. டென்மார்க்கின் டார்பன் உல்ரிக். 1928இல் பிறந்து 2023இல், 95 வயதில் இறந்தவர். நீளத் தாடி, பௌத்தத்தில் ஈடுபாடு, ஜாஸ் இசை, எழுத்து, ஓவியம். பந்தைச் சாயத்தில் தோய்த்துக் காகிதத்தில் அடித்து, விழுந்த தடங்களை ஓவியமாக வைப்பார். மெட்டாலிகா இசைக்குழுவின் லார்ஸ் உல்ரிக் அவர் மகன். 1940களின் கடைசியில் தொடங்கி 1970கள் வரை டேவிஸ் கோப்பையில் ஆடினார். அவரோடு அதே அணியில் ஆடிய கர்ட் நீல்சன் 1953, 1955 என்று இரண்டு தரம் விம்பிள்டன் இறுதிக்குப் போய் இரண்டிலும் தோற்றவர். உல்ரிக்குக்கு அந்தக் கவலையே இல்லை. ஒரு முக்கியமான ஆட்டத்தில் பட்டாம்பூச்சி ஒன்று முகத்துக்கு எதிரே பறந்துவர, புள்ளியும் போய் ஆட்டமும் போனதாகவும், ஏன் என்று கேட்டவர்களிடம் பட்டாம்பூச்சியாகக் கனவு கண்ட சீன ஞானியின் கதையை அவர் எடுத்துவிட்டதாகவும் சொல்வார்கள்.

அவரை எனக்குப் பிடிக்கிறது. ஆனாலும் அவரை மாதிரி இரு என்று என் பையன்களிடம் என்னால் சொல்ல முடியாது. அவர்களுக்கு மாநிலப் போட்டிச் சான்றிதழ் வேண்டும்; அதில்தான் கல்லூரி இடம், அதில்தான் போலீஸ் வேலை. பலனை எதிர்பாராதே என்று வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்குச் சொன்னால் அது உபதேசம் ஆகாது. இங்கே தோற்ற பிள்ளையைச் சமாதானப்படுத்தத்தான் அந்தச் சுலோகத்தை எடுக்கிறார்கள். ஜெயித்த பிள்ளையிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? விடுதிப் பள்ளி வாசல்களில் மதிப்பெண்ணோடு சிரிக்கிற முகங்களைப் போட்டு பேனர் கட்டுகிறார்கள், அதில் எந்த ஊழும் இல்லை. பேனரில் இல்லாத பிள்ளைக்கு மட்டும் ஊழையும் கீதையையும் சேர்த்துக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

இதைச் சொன்னபோது இயற்பியல் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. நல்ல பையன் அவர். பிறகு வேறு பக்கம் போனார். ஆட்டத்தை விட்டபிறகு கிருஷ்ணன் என்ன செய்தார் என்று கேட்டார். சென்னையில் சமையல் எரிவாயு ஏஜென்சி நடத்தினார், மகனோடு சேர்ந்து டென்னிஸ் பயிற்சியும் கொடுத்தார் என்றேன்.

“கேஸ் ஏஜென்சியா? லேவரை ஜெயிச்ச மனுசனா? பாவம்ங்க சார்.”

பாவம் எங்கே வந்தது? பத்மபூஷண் வாங்கினவர் சிலிண்டர் கணக்குப் பார்க்கக்கூடாதா? ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார் ரேஷன் கடை வரிசையில் நின்றால் யாரும் பாவம் என்று சொல்வதில்லை. விம்பிள்டன் என்ற ஒரு சொல் பின்னால் ஒட்டிக்கொண்டதால், மீதி வாழ்நாள் முழுக்க அதன் மிச்சமாகத்தான் இருக்கவேண்டும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். முப்பது வயதை ஒட்டி ஆட்டத்தை விட்டவருக்கு அதற்கப்புறம் அரை நூற்றாண்டுக்கு மேல் கிடந்தது. அதில் காலை எழுந்து, கடை திறந்து, சின்னப் பையன்களுக்குப் பந்து போட்டுக் கொடுத்திருக்கிறார். இது அரையிறுதியில் நின்றுபோன வாழ்க்கை என்றால், எதுதான் இறுதிக்குப் போன வாழ்க்கை?

“அப்ப அந்தக் கணுக்கால் விசயத்துல அவருக்கு வருத்தமே இருந்திருக்காதுங்களா?” என்றார் தம்பி.

“அதை அவர்தான் சொல்லணும் தம்பி. நீங்களும் நானும் சொல்லப்படாது.”

தமிழய்யா குறுக்கிட்டு, ஊழ் அதிகாரத்தை அறத்துப்பாலின் கடைசியில் வைத்ததற்குப் பரிமேலழகர் ஒரு காரணம் சொல்வார் என்று ஆரம்பித்தார். இன்னொரு டீ சொல்லச் சொன்னேன்.